உட்காராத மாமியார்

போனில் மாப்பிள்ளையின் குரல் கேட்டதற்கே எழுந்து நின்ற பொம்பளை ஒருத்தியை எனக்குத் தெரியும்.

எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீட்டுக் கண்டக்டருக்கு மாமியார் அவள். அன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கும் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டாள். “பெரிம்மா, நல்லா இருக்கீங்களா?” என்று என்னைத்தான் அவன் கேட்டான். அவ்வளவுதான், இவள் சடாரென்று எழுந்துவிட்டாள். முறம் கவிழ்ந்து மல்லாட்டை வீடு முழுக்க உருண்டது.

“ஏம்மா, போனுக்குள்ள இருந்துக்கினு உன்னப் பாக்கறானா அவன்?” என்று கேட்டேன்.

“குரல் கேக்குதுல்ல அக்கா” என்றாள், முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டே.

அதற்கப்புறம் வெகு நாளைக்கு என் பீரோவுக்கு அடியிலிருந்து மல்லாட்டைப் பருப்பு வந்துகொண்டிருந்தது. எலிகளுக்கு அந்த வருஷம் தீபாவளி முன்னாடியே வந்துவிட்டது.

மாப்பிள்ளை எதிரில் உட்காரக் கூடாது, மாப்பிள்ளையிடம் நேராகப் பேசக் கூடாது. இந்த இரண்டுதான் அவளுடைய சட்டம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவள் ஊரில் அந்தக் காலத்தில் எல்லா மாமியாரும் அப்படித்தான் இருந்தார்களாம். இருந்தார்கள், சரி. இப்போது மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே தட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டு சீரியல் பார்க்கிறார்கள். இவளுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

அவன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாசி மாசத்தில் ஒருநாள் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு பைக்கில் வந்தவன் குறுக்கே நாய் வந்து விழுந்தான். நாய் எழுந்து போய்விட்டது. இவனுக்குத் தொடை எலும்பும் இடுப்பும் உடைந்தன. உள்ளே கம்பி, ஸ்க்ரூ என்று என்னென்னவோ வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தால் இரும்புக்கடை மாதிரி இருக்கும்.

அவனுக்கு அம்மா இல்லை. பொண்டாட்டிக்கு ஜவுளிக்கடையில் வேலை. அவளும் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாமியார் வந்தாள். புருஷனை ஊரில் மாட்டோடும் கொல்லையோடும் விட்டுவிட்டு, ஒரு கோணி மல்லாட்டையும் ஒரு பை துணியுமாக வந்து இறங்கினாள். அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நின்றாள்.

சாதுவான பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுப் பக்கம் வந்தால் வாய் ஓயாது. கீரைக்காரியிடம் அவள் பேரம் பேசினால் கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். வீட்டு ஓனர் மோட்டார் போட மறந்தால் மாடிவரைக்கும் கேட்கிற மாதிரி அவர் வம்சத்தை விசாரிப்பாள். அப்படிப்பட்டவள் மருமகன் இருக்கிற கூடத்துக்குள் கால் வைத்தால் யாரோ ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்த மாதிரி ஆகிவிடும்.

“சோறு போட்டாச்சுனு சொல்லுங்க அக்கா” என்பாள் என்னிடம். அவளுக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல்தான் இருக்கும்.

நான் அவன் பக்கம் திரும்பி, “சோறு போட்டாச்சாம்டா” என்பேன்.

“ரசம் மட்டும் போதும்னு சொல்லுங்க பெரிம்மா.”

“ரசம் மட்டும் போதுமாம்மா.”

“ரசத்தக் குடிச்சா எலும்பு எப்படிக் கூடும்னு கேளுங்க.”

“ஏம்மா, நான் இன்னா செல்போன் டவரா? ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நட்டு வச்சிருக்கீங்க?”

அவன் சிரிப்பான். அவள் சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் இல்லாத நேரத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கிறீர்களா? பிரிட்ஜ் இருந்தது. “மாத்திர போடற நேரமாச்சு” என்று பிரிட்ஜிடம் சொல்வாள். அவனும் பிரிட்ஜைப் பார்த்து, “போட்டுட்டேங்க” என்பான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். எந்தச் சம்பந்திக்கும் கிடைக்காத மரியாதை அந்த பிரிட்ஜுக்குக் கிடைத்தது.

மாடியில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். ஆசிரமத்துக்குப் போய்விட்டு வந்து, வராந்தாவில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். மேலே அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார், கீழே இவள் மணிக்கணக்காக நின்றிருப்பாள். இவர்கள் இரண்டு பேரில் அண்ணாமலையார் யாருக்கு முதலில் இறங்கி வருவார் என்று நான் பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளைக் கிண்டல் பண்ணிவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். கத்திரி வெயில் நேரம். அவன் எழுந்து பாத்ரூம் போக முடியாத காலம் அது. காலையில் பொண்டாட்டி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவாள். நடுவில் இவன் யாரைக் கேட்பான்? மாமியாரையா? அதனால் தண்ணீரே குடிக்காமல் கிடந்தான். தலைமாட்டில் வைத்த சொம்பு வைத்தபடியே இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் ஆரம்பித்தாள். மூத்திரக் கேனைக் கழுவிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் கை எட்டுகிற மாதிரி வைப்பாள். ஒரு துணியைப் போட்டு மூடுவாள். அப்புறம் பிரிட்ஜிடம், “நான் கடைக்குப் போயிட்டு வரேன், வர நேரமாவும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாள். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை.

மத்தியான வெயிலில் கரண்டு கம்பத்து நிழலில் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தவளை நான் பார்த்தேன்.

“ஏம்மா, கடைக்குப் போறேன்னுட்டு இங்க இன்னா பண்ற? கையில பையும் இல்ல, காசும் இல்ல. கம்பத்தையா வாங்கப் போற?”

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “அவரு தண்ணி குடிக்கட்டும் அக்கா” என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் போய்க் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அந்த நிழல் ஒரு ஆளுக்கே பத்தாது.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோ பொண்ணு ஸ்கூட்டியில் வரும். சின்னப் பொண்ணு, சிரித்த முகம். முதல் நாளே, “நீங்க இவர அக்குள்ல கை குடுத்துப் பிடிச்சிக்கணும் ஆன்ட்டி” என்றது. இவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையைத் தொடுவதா? அடுப்படிக்குள் போனாள். வெளியே வரும்போது கையில் ஒரு நீளமான துண்டு. அதை என்னிடம் கொடுத்து அவன் இடுப்பில் கட்டச் சொன்னாள். கட்டினேன். துண்டின் முனையை அவள் கையில் சுற்றிக்கொண்டாள்.

“சந்தைக்கு ஓட்டிக்கினு போறியாம்மா? பல்லு பாத்துத்தான் வெல சொல்லுவாங்க, வாயத் தொறக்கச் சொல்லு” என்றேன்.

பிசியோ பொண்ணு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இதற்கென்று ஒரு பெல்ட்டே இருக்கிறது, இதுவும் அதுவும் ஒன்றுதான், இப்படியே பிடியுங்கள் என்று சொல்லிவிட்டது. அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்கணுமே! பிரிட்ஜை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. எலும்பு கூடிவிட்டது. வாக்கரை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் பாத்ரூமுக்கும் தானே போய்வந்தான். பஸ் முதலாளி ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

“கார்த்திகை தீபத்துக்குள்ள வந்துடுப்பா. அதுவரைக்கும் என் தங்கச்சி பையன் ஏதோ ஒப்பேத்துவான். தீபக் கூட்டத்துக்கு அவன் தாங்க மாட்டான். நீ வந்தா நீதான். வரலன்னா நான் வேற ஆளப் போட்டுத்தான் ஆவணும், தப்பா நெனைக்காத. ஸ்டூல் போட்டு ஒக்காந்துக்கினு டிக்கெட் குடுக்க முடியாது பாரு.”

அவன் தலையாட்டினான். எனக்குத் தெரியும், அவனுக்கு அது வெறும் வேலை இல்லை. வளைவில் பஸ் சாயும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பான், கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு வருவான். நான் அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண் அவனைப் பார்த்துச் சிரித்ததும் அந்த வளைவில்தான் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அன்றிலிருந்து நிற்கிற பயிற்சி ஆரம்பித்தது. பிசியோ பொண்ணு தெளிவாகச் சொல்லியிருந்தது: வாக்கரை விட்டுவிட வேண்டும், எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும், பின்னால் கட்டில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருத்தர் துண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தே ஆக வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். அந்த ஒருத்தர் மாமியார்தான். நான் பிடித்திருந்தால் இரண்டு பேரையும் தூக்க ஆம்புலன்ஸ் வந்திருக்கும்.

நிற்பான். சாம்பாருக்குப் புளி கரைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, “போதும்னு சொல்லுங்க பெரிம்மா” என்று கட்டிலில் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் இல்லை, தினமும் அப்படித்தான். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. அப்போதும் அதே புளிதான்.

பிசியோ பொண்ணு காலைத் தட்டிப் பார்த்தது, மடக்கிப் பார்த்தது. “கால்ல பலம் இருக்கு ஆன்ட்டி. ஏன் ஒக்காந்துடறாருனு தெரியல. பயம் போல” என்றது.

மாமியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துண்டைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாமலையாரை வேண்டினாள், அம்மனை வேண்டினாள், ஊர் எல்லையில் இருக்கிற சாமியைக்கூட விடவில்லை. அவன் நிற்க நிற்க இவளும் நிற்பாள். நாற்று நட்டே தேய்ந்துபோன முட்டி அவளுக்கு. சாயந்திரம் என் வீட்டில் வந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். இரண்டு முட்டியும் தேங்காய் மாதிரி வீங்கியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஊரில் மாடு கன்று போட்டது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பினாள். மத்தியானம் நான் குழம்பு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் போனேன். அவன் ஜன்னலோரம் நின்றுகொண்டு, ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன், பஸ் டிரைவரோடு கதை அளந்துகொண்டிருந்தான். நான் கிண்ணத்தை வைத்தேன், மூடியைத் திறந்தேன், விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். அவன் பாட்டுக்கு நின்று பேசுகிறான். போன் பேசி முடித்துத் திரும்பியவன் என்னைப் பார்த்துத் திருடன் மாதிரி விழித்தான்.

“அடப்பாவி! நல்லா நிக்கறியேடா! அங்க ஒருத்தி ஊர்ல இருக்கற சாமியெல்லாம் தூங்க விடாம எழுப்பிக்கினு இருக்கா.”

அவன் மெதுவாகக் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“அத்தை இல்லல்ல பெரிம்மா, அதான் நிக்கறேன்.”

“அவ இன்னாடா பண்ணா?”

“நான் நின்னா அவங்களும் நிக்கறாங்க. ஒரு கையில துண்டு, இன்னொரு கையால சொவத்தப் பிடிச்சிக்கினு. முட்டி ரெண்டும் நடுங்குது. நான் பாக்கறேன்ல? நான் ஒக்காந்தாத்தான் அவங்க அடுப்படிக்குப் போயி ஒக்காருவாங்க. எப்படி பெரிம்மா நிக்கறது?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவன் அவளுக்காக உட்காருகிறான். அவள் இவனுக்காக நிற்கிறாள். நடுவில் அந்தப் பொண்ணு காலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது.

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நேரா பேசினதே இல்ல. எப்படிச் சொல்றது?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“உங்ககிட்ட சொன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சிடும்.”

அது சரிதான். குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் அவள் சீம்பால் சொம்போடு வந்ததும் வராததுமாக விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவள் சொம்பைக் கீழே வைக்கவே மறந்துவிட்டாள்.

“நான் ஒக்காரணுமா? மாப்ள நிக்கும்போதா? இன்னா அக்கா பேசறீங்க! தலையே போனாலும் மாட்டேன்.”

“தலை போவ வேணாம். இடுப்ப மடக்கினா போதும்.”

“எங்க மாமியாரு எங்கூட்டுக்காரு எதிர்ல கடைசி வரைக்கும் ஒக்காரல.”

“உங்க மாமியாரு உங்கூட்டுக்காரரப் பெத்தவ. ஒக்காரலன்னா மூலமா இருக்கும்.”

அவசரத்தில் உறவு மாறிப்போனது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. “எங்கம்மாவத்தான் சொன்னேன்” என்று முனகினாள்.

அவளும் என்னென்னவோ வழி பார்த்தாள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டை மட்டும் நீட்டிப் பிடித்தாள். கதவிடுக்கில் துண்டு மாட்டிக்கொண்டது. தரையில் உட்கார்ந்தால் கணக்கில் வராதுதானே என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டாள். தரையில் உட்கார்ந்தால் அவன் சாயும்போது எப்படி எழுந்து இழுப்பாய் என்று கேட்டேன். கடைசியில் ஒருநாள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கே ஆச்சரியம். அவன் எழுந்து நின்றான், நிம்மதியாக மூச்சு விட்டான். கொஞ்ச நேரத்தில் இவள் முகம் சிவந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. எனக்கு ஒரு சந்தேகம். கீழே எதையோ எடுக்கிற மாதிரி குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன்.

நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று.

உட்காரவே இல்லை! முட்டியை மடக்கி, புடவையால் மூடிக்கொண்டு, அந்தரத்தில் குந்திக்கொண்டிருக்கிறாள். பிசியோ பொண்ணுகூட அப்படி ஒரு பயிற்சி சொல்லித்தந்ததில்லை. நான் சிரித்த சிரிப்பில் அவனும் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

ஐப்பசி முடியப்போகிறது. தெருவில் தீபக் கூட்டத்துக்குத் தடுப்புக் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் நான் காபித் தூள் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பொண்டாட்டி கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் இருந்தபடி, “முதலாளிக்கு போன் பண்ணிடு. வேற ஆளப் போட்டுக்கட்டும்” என்றான்.

அவள் செருப்பு வாரை மாட்டியும் மாட்டாமலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. நானும் காபித் தூள் வாங்காமலே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் என் வாசலில் நின்றாள்.

“அக்கா, உங்க நாற்காலியக் குடுங்க.”

“உங்க வீட்டுலதான் ரெண்டு இருக்கே?”

“உங்களுது கை வச்சது. ஆழமா இருக்கும். அதுல விழுந்தா சட்டுனு எழுந்திருக்க வராது.”

நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். கட்டிலுக்கு எதிரில் போட்டாள். அவன் புரியாமல் பார்த்தான். நான் துண்டை அவன் இடுப்பில் கட்டினேன். முனையை அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற குழந்தை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சென்றது. இந்தமுறை நான் குனிந்து பார்க்கத் தேவைப்படவில்லை.

“மாப்ள நிக்கட்டும்” என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள். என்னிடம் சொன்னாளா பிரிட்ஜிடம் சொன்னாளா தெரியாது.

அவன் அவளையே பார்த்தான். பார்த்துக்கொண்டே வாக்கரைத் தள்ளி வைத்தான். நின்றான்.

எனக்கு அடுப்பில் பால் இருந்தது. ஓடினேன். பால் பொங்கி வழிந்து, அதைத் துடைத்து, மிச்சப் பாலை ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அவன் இன்னும் நிற்கிறான்! “டேய்!” என்று வாயைத் திறந்தேன். அவன் உதட்டில் விரல் வைத்தான். நாற்காலியைக் கண்ணால் காட்டினான்.

அவள் தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மெல்லிசாகக் குறட்டை. மாப்பிள்ளை எதிரில், காலை வேளையில், வெளிச்சத்தில்.

நான் கிசுகிசுத்தேன். “கால் வலிக்கலையாடா?”

“வலிக்குது. பேசாதீங்க.”

“ஒக்காந்துக்கோயேன்.”

“துண்டு இழுக்கும் பெரிம்மா. முழிச்சிப்பாங்க. மாசக்கணக்கா நிலப்படியில ஒருக்களிச்சிப் படுத்துக்கினு, நான் இருமினாக்கூட எழுந்து நின்னுடுவாங்க. தூங்கட்டும்.”

அப்போதுதானா வரவேண்டும் அந்த வெங்காய வண்டி? தெருமுனையில் ஸ்பீக்கர் அலறியது. அவன் முகத்தில் பயத்தைப் பார்க்கணும். “பெரிம்மா, அவன நிறுத்துங்க!” நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னால் சும்மா அணைப்பானா? வீட்டில் ஒரு கூடை வெங்காயம் இருக்கும்போது இன்னொரு பை வெங்காயம் வாங்கினேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார், வெங்காய வடை, வெங்காயத் துவையல்.

நான் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதையும் பிடிக்கவில்லை. பஸ் வளைவில் போகிறபோது எப்படி நிற்பானோ அப்படி, காலைக் கொஞ்சம் அகட்டி.

அவள் தானாகத்தான் விழித்தாள். ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை அவளுக்கு. அப்புறம் நிற்கிற மாப்பிள்ளையைப் பார்த்தாள், உட்கார்ந்திருக்கிற தன்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்காலியின் இரண்டு கையையும் ஊன்றிப் பாதி எழுந்தாள்.

“பெரிம்மா, அத்தைய ஒக்காரச் சொல்லுங்க” என்றான் அவன். “நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கப் போறேன்.”

நான் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

தீபத்துக்கு முந்தின வாரமே அவன் வேலைக்குப் போய்விட்டான். தீபத்தன்றைக்கு அவன் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை என்று கேள்வி. மலையில் தீபம் அணைகிறவரைக்கும் இருந்துவிட்டு மாமியார் ஊருக்குக் கிளம்பினாள், அவன் பஸ்ஸிலேயே. நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். முன்வாசல் பக்கத்தில் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான்.

சாயந்திரம் அவன் வீடு திரும்பியதும் கேட்டேன். “அத்தைய பத்திரமா எறக்கி விட்டியாடா?”

“எறக்கிவிட்டேன். வழி முழுக்க நின்னுக்கினே வந்தாங்க பெரிம்மா.”

“சீட்டு போட்டு வச்சியே?”

“அதுல அவங்க பைதான் ஒக்காந்து வந்துச்சு. ‘வீட்டுல ஒக்காந்தது வேற. கண்டக்டர் நிக்கும்போது அவரு மாமியாரு ஒக்காந்துக்கினு வந்தா நாலு பேரு இன்னா நெனப்பாங்க’ன்னாங்க.”

“யார்கிட்டடா சொன்னா? பக்கத்துல நின்னவகிட்டயா?”

“இல்ல பெரிம்மா, எங்கிட்டதான்” என்றான் அவன். “‘நீங்க டிக்கெட்ட கவனிங்க, என் முட்டியப் பாக்காதீங்க’ன்னும் சொன்னாங்க.”